ஃபோட்டோஷாப்பில் தமிழ் எழுத்துக்குத் தங்க முலாம் பூசுவது எப்படி

ஒரு பித்தளைக் குடத்தையும் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் குடத்தையும் ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் குடத்தில் வெளிச்சப் பக்கத்திலிருந்து நிழல் பக்கம் வரை நிறம் மெல்ல மெல்ல மங்கும்; மினுங்கும் இடம் மட்டும் வெள்ளையாக இருக்கும். பித்தளைக் குடத்தில் கதையே வேறு. பளீரென்று ஒரு பட்டை, அதை ஒட்டியே கறுத்த பழுப்பில் இன்னொரு பட்டை, மறுபடியும் ஒரு வெளிச்சக் கீற்று. ஜன்னல், சுவர், தரை எல்லாம் வளைந்து நெளிந்து அதற்குள் தெரியும். மினுங்கும் இடம்கூட இளமஞ்சளாகவே இருக்கும். தங்கம், பித்தளை, செம்பு மூன்றுமே நீல ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்புவதால் அவற்றின் பளபளப்பிலும் அந்த உலோகத்தின் சாயல் ஏறிவிடுகிறது.

கணினியில் செய்யும் தங்க எழுத்துகளில் பெரும்பாலானவை பிளாஸ்டிக் குடமாகிப் போவது இந்த இடத்தில்தான். மேலே வெளிர் மஞ்சள், கீழே அடர் மஞ்சள், நடுவில் மெதுவாக ஒரு கலப்பு, ஓரத்தில் வெள்ளை மினுக்கு, கறுப்பு நிழல். இதில் எத்தனை அழகான மஞ்சளைத் தேர்ந்தெடுத்தாலும் உலோகம் வராது. வெளிச்சமும் இருட்டும் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து வரவேண்டும். மினுக்கில் மஞ்சள் இருக்கவேண்டும். நிழல் கறுப்பாக இல்லாமல் செம்பழுப்பாக இருக்கவேண்டும். கீழே வரும் எண்கள் எல்லாம் இந்த மூன்றையும் கொண்டுவருவதற்காகவே.

எடுத்துக்காட்டாக, ஒரு திருமண அழைப்பிதழின் தலைப்பான 'சுபமுகூர்த்தம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். மூன்று புள்ளிகள், கீழே இறங்கும் மு, கூ, சுற்றி வளைந்த வடிவங்கள் என்று தமிழ் எழுத்து தரும் எல்லாச் சிக்கலும் இந்த ஒரே சொல்லில் இருக்கிறது. இது நன்றாக வந்துவிட்டால் வேறு எந்தச் சொல்லும் வரும்.

ஃபைலும் எழுத்தும்

7 அங்குல அகலம், 5 அங்குல உயரம், 300 பிபிஐ, ஆர்ஜிபி. அதாவது 2100 × 1500 பிக்சல். பின்னணிக்கு அடர் அரக்குச் சிவப்பு: சிவப்பு 74, பச்சை 12, நீலம் 20. சொல் வரும் இடத்துக்குப் பின்னால் மட்டும் அதையே சற்று வெளிச்சமாக்கி ஒரு வட்ட கிரேடியண்ட் (ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாக மாறும் கலப்பு) போடுங்கள். வெள்ளைப் பின்னணியில் தங்கம் எடுபடாது. தாளே உச்ச வெளிச்சத்தில் இருக்கும்போது, அதைவிட மினுங்க எழுத்துக்கு இடமில்லை. வெள்ளைதான் வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதமாக நின்றால், எல்லா நிறங்களையும் ஒரு படி இருட்டாக்கி வெண்கலச் சாயலுக்குக் கொண்டுபோவதே வழி.

டைப் செய்ததும் கொம்பும் காலும் பிரிந்து நின்றாலோ, எழுத்துக்குப் பின்னால் கொம்பு போய் உட்கார்ந்தாலோ ஃபான்ட்டைக் குறை சொல்லவேண்டாம். ஃபோட்டோஷாப் தமிழைக் கோர்க்கும் முறையில் இல்லை என்று அர்த்தம். பழைய பதிப்புகளில் எடிட், பிரெஃபரன்சஸ், டைப் என்று போய் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' அல்லது 'வேர்ல்டு ரெடி லேஅவுட்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து, புதிய ஃபைல் ஒன்றைத் திறக்கவேண்டும். ஏற்கெனவே திறந்திருக்கும் ஃபைலில் மாற்றம் தெரியாது. புதிய பதிப்புகளில் பாராகிராஃப் பேனலின் மெனுவிலேயே வேர்ல்டு ரெடி கம்போசர் கிடைக்கும்.

ஃபான்ட் தடிமனாக இருக்கட்டும். முக்த மலர், பாலூ தம்பி போன்றவற்றில் கோட்டின் தடிமன் ஏறக்குறைய ஒரே சீராக இருப்பதால் செதுக்கல் ஒழுங்காக விழும். நோட்டோ செரிஃப் தமிழில் தடித்த கோடும் மெல்லிய கோடும் கலந்து வருவதால் அழகு கூடும், வேலையும் கூடும். கேரக்டர் பேனலில் உள்ள ஃபாக்ஸ் போல்டைத் தொடவே வேண்டாம். அது கோட்டை எல்லாப் பக்கமும் ஊதிப் பெருக்கி, கூ, த போன்ற எழுத்துகளின் உட்துளைகளை அடைத்துவிடும். பிறகு எழுத்தை ஷேப்பாக மாற்றவும் விடாது. ஃபான்ட்டிலேயே போல்டு, எக்ஸ்ட்ரா போல்டு இருந்தால் அதை எடுங்கள்.

சொல்லின் அகலம் சுமார் 1500 பிக்சல் வருமளவு வைத்துக்கொண்டு, ரூலர் கருவியால் த எழுத்தின் தடித்த கோட்டை அளந்து பாருங்கள். 26 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இனி வரும் அளவுகளில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன. உங்கள் எழுத்தில் 40 வந்தால் மற்றவற்றையும் அதே விகிதத்தில் ஏற்றுங்கள். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளின் எண்களை அப்படியே போட்டு 'எனக்கு மட்டும் வரவில்லையே' என்று பலர் கைவிடுவதற்குக் காரணம் இதுதான். லேயர் ஸ்டைலின், அதாவது ஒரு லேயருக்கு நிறம், செதுக்கல், நிழல் சேர்க்கும் அமைப்புகளின் அளவுகள் பிக்சலில் நிற்பவை. எழுத்து பெரிதானாலும் சிறிதானாலும் அவை தாமாக மாறுவதில்லை.

எழுத்து லேயரை கன்ட்ரோல்-ஜே அழுத்தி இரண்டு பிரதி எடுத்து, கீழிருந்து மேலாக 'கரை', 'முகம்', 'மினுக்கு' என்று பெயர் வையுங்கள். எல்லா விளைவையும் ஒரே லேயரில் திணித்தால் ஒரு எழுத்துக்கு ஒரே ஒரு செதுக்கல்தான் கிடைக்கும். உலோகத்துக்கு அது போதாது.

முகம்: நிறமும் தொடுவானமும்

'முகம்' லேயரில் இரட்டைச் சொடுக்கு. முதலில் கிரேடியண்ட் ஓவர்லே. லீனியர், கோணம் 90, ஸ்கேல் 100, டித்தர் டிக். நிறங்கள் கீழிருந்து மேலாக, சிவப்பு-பச்சை-நீலம் வரிசையில்:

0% – 226, 180, 88
48% – 104, 64, 16
51% – 255, 242, 190
78% – 214, 164, 62
100% – 150, 104, 30

48க்கும் 51க்கும் நடுவில் நடப்பதைக் கவனியுங்கள். வெறும் 3 சதவீத இடைவெளியில் அடர் பழுப்பு, கிட்டத்தட்ட வெள்ளையான மஞ்சளுக்குத் தாவுகிறது. பித்தளைக் குடத்தில் தரை முடிந்து வெளிச்சம் தொடங்கும் தொடுவானக் கோடு இதுதான். இதை 40, 60 என்று அகட்டினால் அந்தக் கணமே பிளாஸ்டிக் திரும்பிவிடும். ஒருமுறை அகட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப நெருக்குங்கள். இந்த வேலையின் சூட்சுமம் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 'அலைன் வித் லேயர்' போட்டிருந்தால் கிரேடியண்ட் எழுத்து லேயரின் முழு உயரத்தையும் எடுத்துக்கொள்ளும். மேலே ர், த், ம் ஆகியவற்றின் புள்ளிகள், கீழே மு, கூ இறங்கும் வால்கள் எல்லாம் அந்த உயரத்தில் சேரும். அதனால் தொடுவானக் கோடு ப, த போன்ற எழுத்துகளின் நடுவில் விழாமல் மேலோ கீழோ நழுவிவிடும். லேயர் ஸ்டைல் பெட்டி திறந்திருக்க, கிரேடியண்ட் ஓவர்லே தேர்வில் இருக்கும்போதே படத்தின் மீது மவுசை வைத்து இழுங்கள். கிரேடியண்ட் கூடவே நகரும். ப எழுத்தின் உயரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே அந்தக் கோடு வருமாறு நிறுத்துங்கள். தவறிப்போனால் ரீசெட் அலைன்மென்ட் இருக்கிறது. இரண்டு வரித் தலைப்பாக இருந்தால் ஒவ்வொரு வரியும் தனி லேயர். ஒரே லேயரில் விட்டால் முதல் வரி முழுக்க வெளிச்சமாகவும் இரண்டாவது வரி முழுக்க இருட்டாகவும் போய்விடும்.

அடுத்து, எழுத்தின் ஓரத்தைச் சரிவாகச் செதுக்கிக் காட்டும் பெவல் அண்ட் எம்பாஸ். ஸ்டைல் இன்னர் பெவல், டெக்னிக் சிசல் ஹார்ட், டெப்த் 200%, சைஸ் 13, சாஃப்டன் 1. கோணம் 120, ஆல்டிட்யூட் 35. க்ளாஸ் கான்டூரில் ரிங், பக்கத்தில் ஆன்ட்டி அலையஸ்டு டிக். ஹைலைட்டுக்கு லீனியர் டாட்ஜ், நிறம் 255, 228, 150, 65%. ஷேடோவுக்கு மல்டிப்ளை, நிறம் 70, 32, 4, 75%.

சைஸ் ஏன் 13? 26 பிக்சல் கோட்டில் இரு பக்கத்துச் சரிவுகளும் நடுவில் சந்தித்து, கூரை முகடு போல ஒரு வரி எழவேண்டும். அதற்குச் சரிபாதி 13. 6 வைத்தால் ஓரத்தில் மட்டும் சரிவும் நடுவில் தட்டையான முகமும் கிடைக்கும். பட்டயம், பெயர்ப்பலகை போன்றவற்றுக்கு அதுதான் பொருத்தம். 13ஐத் தாண்டி ஏற்றிக்கொண்டே போனால் கோடுகள் சேரும் தடித்த மூலைகளில் மட்டும் முகடு தூக்கி நின்று எழுத்து கோணலாகத் தெரியும். கூ எழுத்தின் சேர்க்கை இடத்தை 200%க்குப் பெரிதாக்கிப் பார்த்தால் இது உடனே பிடிபடும்.

ரிங் கான்டூரின் வேலையையும் புரிந்துகொள்ளுங்கள். லீனியர் கான்டூரில் சரிவின் வெளிச்சம் ஒரே திசையில் ஏறும். ரிங் அதை ஏற்றி, இறக்கி, ஒரே சரிவில் பட்டை பட்டையாக மாற்றுகிறது. குடத்தில் பார்த்த அடுத்தடுத்த பட்டைகள் இங்கிருந்துதான் வருகின்றன. ரிங் டபுள் இன்னும் ஒரு சுற்று பட்டைகளைக் கூட்டும். பெரிய எழுத்துக்கு அது அருமை. 26 பிக்சல் கோட்டில் வெறும் இரைச்சலாகிவிடும்.

புள்ளிகளை மறக்காதீர்கள். சிசல் ஹார்ட் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு கூம்பாகச் செதுக்கும். கூம்பின் ஒரு பாதி பளீரென்றும் மறுபாதி இருட்டாகவும் நிற்க, தூரத்தில் பார்த்தால் அரைப் புள்ளியாகத் தெரியும். அழைப்பிதழில் த் என்பது த போலத் தெரிந்தால் அது எழுத்துப்பிழை. இதற்கு எழுத்தை ஷேப்பாக மாற்றி, பாத் செலக்‌ஷன் கருவியால் மூன்று புள்ளிகளையும் தனி லேயருக்கு வெட்டி ஒட்டி, அங்கே மட்டும் டெக்னிக்கை ஸ்மூத் என்று வைப்பது நல்ல தீர்வு. புள்ளி உருண்டை மணியாகிவிடும். தனி லேயரானதும் கிரேடியண்ட் அந்தப் புள்ளிகளின் உயரத்துக்குள் சுருங்கிக்கொள்ளும். மணிக்கு அது பொருத்தமாகவே அமையும். ஷேப்பாக மாற்றுமுன் டைப் லேயரின் ஒரு பிரதியை மறைத்து வைத்துக்கொள்ளுங்கள். மணமக்கள் பெயரில் கடைசி நேரத்தில் ஓர் எழுத்து மாறாத அழைப்பிதழே கிடையாது.

முகத்துக்குக் கடைசியாக சாட்டின்: மல்டிப்ளை, 120, 70, 10, ஒபேசிட்டி 30%, கோணம் 19, டிஸ்டன்ஸ் 11, சைஸ் 14, கான்டூர் காசியன். இது எழுத்துக்குள் சுற்றுப்புறத்தின் பிரதிபலிப்பு போன்ற மங்கல் அலைகளைத் தரும். 40%க்கு மேல் ஏற்றினால் அழுக்குப் படிந்தது போலாகிவிடும்.

மினுக்கும் கரையும்

'மினுக்கு' லேயரின் ஃபில்லை 0% ஆக்குங்கள். ஒபேசிட்டியை அல்ல, ஃபில்லை. ஃபில் குறைந்தால் எழுத்தின் நிறம் மட்டும் மறையும், ஸ்டைல்கள் நிற்கும். இதில் பெவல் மட்டும் போடுங்கள்: டெக்னிக் ஸ்மூத், டெப்த் 300%, சைஸ் 8, சாஃப்டன் 2, கான்டூர் லீனியர். யூஸ் குளோபல் லைட் டிக்கை எடுத்துவிட்டு, கோணம் 60, ஆல்டிட்யூட் 60. ஹைலைட் ஸ்கிரீன், 255, 246, 214, 55%. ஷேடோ 0%. இரண்டாவது ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சம் போல இது முகத்தின் மீது இன்னொரு திசையில் மெல்லிய கீற்றுகளைச் சேர்க்கும். குளோபல் லைட் டிக்கை எடுக்க மறந்தால், இங்கே 60 போட்டதும் கீழே உள்ள எல்லா லேயரின் கோணமும் சேர்ந்து 60க்கு மாறும். நிழல் திடீரென்று எதிர்ப்பக்கம் போய் நிற்கும்.

'கரை' லேயருக்கு ஸ்ட்ரோக்: 5 பிக்சல், பொசிஷன் அவுட்சைட், ஃபில் டைப் கிரேடியண்ட், ரிஃப்ளெக்டட். மேலே சொன்ன நிறங்களில் 104-64-16ஐயும் 226-180-88ஐயும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெவலில் ஸ்டைலை ஸ்ட்ரோக் எம்பாஸ் என்று மாற்றி சைஸ் 5. புடவைக்குக் கரை போல இது எழுத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துக்காட்டும். ஆனால் ஸ்ட்ரோக் வெளிப்புறம் வளரும்போது எழுத்தின் உட்துளைகளுக்குள்ளும் வளர்கிறது என்பதைப் பாருங்கள். ஒரு துளையின் அகலம் 14 பிக்சல் என்றால் இரு பக்கமும் 5 போக மிச்சம் 4. அச்சில் மை கொஞ்சம் பரவினாலே அது அடைந்துவிடும். துளை சின்னதாக இருந்தால் ஸ்ட்ரோக்கை 3க்கு இறக்குங்கள்.

இதே லேயரில் டிராப் ஷேடோ: மல்டிப்ளை, 20, 4, 6, ஒபேசிட்டி 65%, டிஸ்டன்ஸ் 8, சைஸ் 14. அரக்குச் சிவப்பின் மீது சுத்தக் கறுப்பு நிழல் சாம்பல் பூசியது போலிருக்கும். பின்னணியின் சாயலே நிழலிலும் இருக்கட்டும்.

மூலையில் நட்சத்திர மினுக்கு வேண்டும் என்று தோன்றினால், வெளிச்சம் வரும் திசையைப் பார்த்திருக்கும் ஒரு முனையில் ஒன்று, அதிகம் போனால் இரண்டு. எட்டு எழுத்துக்கும் எட்டு நட்சத்திரம் வைத்தால் நாம் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த பட்டைகளை யாரும் பார்க்கமாட்டார்கள்.

கீறல் தடம்

தேய்த்த உலோகத்தின் மெல்லிய கீறல்கள் வேண்டுமென்றால், 50% சாம்பல் நிரப்பிய புதிய லேயரில் ஆட் நாய்ஸ் 20%, காசியன், மோனோக்ரோமாட்டிக். அதன்மேல் மோஷன் பிளர், கோணம் 0, 60 பிக்சல். இடது வலது ஓரங்களில் பிளர் இழுபட்டு வருவதால் லேயரை 110% அகலப்படுத்தி அந்த ஓரங்களை வெளியே தள்ளுங்கள். இதை 'முகம்' லேயருக்கு மேலே வைத்து, எழுத்தின் வடிவத்துக்குள் மட்டும் தெரியுமாறு க்ளிப்பிங் மாஸ்க் ஆக்கி, சாஃப்ட் லைட், 35%.

இங்கேதான் பலர் திகைத்துப்போகிறார்கள்: கீறல் எதுவுமே தெரியாது. கிரேடியண்ட் ஓவர்லே, க்ளிப் செய்த லேயருக்கும் மேலே போய் அதை மூடிவிடுவதுதான் காரணம். 'முகம்' லேயரின் பிளெண்டிங் ஆப்ஷன்ஸில் 'பிளெண்ட் இன்டீரியர் எஃபெக்ட்ஸ் அஸ் குரூப்' என்பதை டிக் செய்யுங்கள். கீறல் மேலே வந்துவிடும். லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றியும் இதைத் தீர்க்கலாம். ஆனால் டிராப் ஷேடோ உள்ள லேயரை அப்படி மாற்றினால் கீறல் நிழலின் மீதும் படியும். நிழலைத் தனியாகக் 'கரை'யில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வெள்ளிக்கும் செம்புக்கும் அளவுகளை மாற்றவேண்டாம், நிறம் மட்டும் மாற்றினால் போதும். வெள்ளியின் இருட்டு 58, 64, 74. வெளிச்சம் 242, 246, 250. லேசான நீலம் இல்லாமல் வெறும் சாம்பல் போட்டால் அலுமினியத் தட்டு போலாகிவிடும். செம்பின் இருட்டு 70, 24, 12, நடு 184, 98, 60, வெளிச்சம் 255, 206, 170.

ஃபோட்டோஷாப் இல்லாதவர்களுக்கு

ஃபோட்டோபீ உலாவியிலேயே இயங்கும்; பிஎஸ்டி ஃபைலையும் திறக்கும். லேயர் ஸ்டைல்களும் இதே பெயர்களில் இருப்பதால் மேலே உள்ள எண்களைத் தொடக்கமாக வைத்துக் கண்ணால் சரிசெய்யலாம்.

கிம்ப்பில் வழி வேறு, ஆனால் விளைவு மோசமில்லை. கறுப்பின் மீது வெள்ளை எழுத்து வைத்து, கோட்டின் கால் பங்கு அளவுக்கு காசியன் பிளர் கொடுத்துத் தனி லேயராக வையுங்கள். நடுச் சாம்பல் லேயர் ஒன்றில் பம்ப் மேப் ஃபில்டரைப் போட்டு, அந்த மங்கல் எழுத்தை மேப்பாகக் கொடுங்கள். பிறகு கலர்ஸ், கர்வ்ஸ்: 0க்கு 40, 64க்கு 220, 128க்கு 60, 190க்கு 240, 255க்கு 130. மேலும் கீழும் அலையும் இந்தக் கோடு ரிங் கான்டூரின் வேலையைச் செய்கிறது. கடைசியில் அடர் பழுப்பிலிருந்து இளமஞ்சள் வரை ஒரு கிரேடியண்ட் உருவாக்கி, கலர்ஸ், மேப், கிரேடியண்ட் மேப். எழுத்து வடிவத்துக்கு லேயர் மாஸ்க் போட்டால் தங்கம் தயார்.

அளவு மாறும்போதும் அச்சுக்குப் போகும்போதும்

ஃபைலை இமேஜ் சைஸில் பாதியாக்கும்போது, பற்சக்கரக் குறியை அழுத்தி ஸ்கேல் ஸ்டைல்ஸ் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தை மட்டும் ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்மில் சுருக்கினால் ஸ்டைல் சுருங்காது. லேயர், லேயர் ஸ்டைல், ஸ்கேல் எஃபெக்ட்ஸ் போய் அதே சதவீதத்தைத் தரவேண்டும். சிசல் ஹார்ட்டின் ஓரங்கள் பல்பல்லாகத் தெரிந்தால், இரட்டை அளவில் செய்து முடித்து, எல்லாவற்றையும் ஒன்றாக்கிய பிறகு 50%க்குச் சுருக்குவதுதான் சுத்தமான மருந்து. ஜேபெக்காகச் சேமிக்கும்போது தரத்தை 10க்குக் கீழே இறக்காதீர்கள். சிவப்பின் மீதுள்ள மஞ்சள் ஓரம்தான் முதலில் கலங்கும்.

ஆஃப்செட் அச்சுக்கு லேயர்களோடு சிஎம்ஒய்கேக்கு (அச்சு மைகளின் நிறமுறைக்கு) மாற்றாதீர்கள். லீனியர் டாட்ஜ், ஸ்கிரீன் போன்ற கலப்புகள் அந்த முறையில் வேறு மாதிரி கணக்காகி, மினுக்கு மங்கிவிடும். பிரதி எடுத்து, ஃப்ளாட்டன் செய்து (எல்லா லேயரையும் ஒன்றாக்கி), பிறகு மாற்றுங்கள். அப்போதும் மஞ்சள் கொஞ்சம் செத்துப்போகும். கர்வ்ஸில் நடு வெளிச்சத்தைச் சற்று ஏற்றிச் சரிசெய்யலாம். பட்டைகளுக்கு நடுவே உள்ள வேறுபாடு நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அது நின்றால் நிறம் மங்கினாலும் கண் அதைத் தங்கமாகவே ஏற்றுக்கொள்ளும்.

அச்சகத்தில் கோல்டு ஃபாயில் போடப்போகிறார்கள் என்றால் இந்த வேலை எதுவுமே அங்கே போகக்கூடாது. ஃபாயில் அச்சுக்கு வேண்டியது 100% கறுப்பில், கிரேடியண்டும் நிழலும் இல்லாத வெக்டர் எழுத்து மட்டுமே. அந்தக் கறுப்பு வடிவத்தை வைத்துத்தான் பிளாக் செய்வார்கள். தங்க மையில் அச்சிடுவதற்கும் இதே கதைதான். பான்டோன் என்ற நிற எண் வரிசையில் 871 தங்கம், 877 வெள்ளி என்று தனி மையாகக் குறித்துக் கொடுக்கவேண்டும். நாம் செய்த தங்க எழுத்தை வாடிக்கையாளருக்குக் காட்டும் மாதிரிப் படத்தில் வைத்துக்கொண்டு, அச்சகத்துக்கு ஷேப்பாக மாற்றிய வெறும் எழுத்தைப் பிடிஎஃப்பில் தனியாக அனுப்புங்கள். அனுப்புமுன் ர், த், ம் மூன்றின் புள்ளிகளும் அதில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள். தனி லேயருக்கு வெட்டி ஒட்டியவை அவைதான், விட்டுப்போவதும் அவைதான்.